நாயோடு சேர்ந்து ஓடுங்கள்: வீட்டு வாசலிலேயே அஜிலிட்டி பயிற்சி

தடை தாண்டும் பயிற்சி என்றதும் பலர் இரண்டு ஸ்டூலுக்கு நடுவே ஒரு கம்பை வைத்து, தான் ஓரமாக நின்றுகொண்டு நாயை மட்டும் தாண்ட விடுகிறார்கள். நாய் நாலு முறை தாண்டும், ஐந்தாவது முறை கம்பைச் சுற்றிக்கொண்டு வந்து பிஸ்கட் கேட்கும். அதில் நாய்க்கும் பெரிய பயன் இல்லை, மனிதருக்குச் சுத்தமாக இல்லை. அஜிலிட்டி என்பது இருவரும் ஓடும் விளையாட்டு. 1978இல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்துக்குப் பொழுதுபோக வேண்டும் என்று குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து அமைத்த காட்சி அது. குதிரை மேல் ஆள் உட்கார்ந்திருப்பார். நாய்க்குப் பக்கத்தில் ஆள் ஓடித்தான் ஆக வேண்டும். எந்தத் தடை அடுத்தது என்பதை நாய் உங்கள் தோளையும் பாதத்தையும் பார்த்தே தெரிந்துகொள்கிறது. நீங்கள் நின்றால் அதற்கு வழி தெரியாது.

தொடங்கும் முன் வயதைப் பாருங்கள். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் முனைப் பகுதிகள்) மூடும் வரை உயரத் தாண்டக் கூடாது. சிறிய, நடுத்தர நாய்க்கு ஒரு வயது ஆகட்டும். ராஜபாளையம், லாப்ரடார் போன்ற பெரிய உடம்புக்கு ஒன்றரை வயது. உலகப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் எஃப்.சி.ஐ. அமைப்பும் 18 மாதம் ஆகாத நாயைக் களத்தில் இறக்குவதில்லை. அதுவரை தரையில் கிடக்கும் கம்பைக் கடப்பது, குழாய்க்குள் நுழைவது, பலகையில் நடப்பது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். டேக்ஸ்ஹண்டுக்கு முதுகெலும்பு வட்டுகள் விலகும் ஆபத்து உண்டு என்பதால் தாண்டலே வேண்டாம், குழாயும் பலகையும் போதும். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு சீக்கிரம் முட்டும், ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். தொப்பை போட்ட லாப்ரடாரை முதலில் இரண்டு மாதம் நடக்க வைத்து எடையைக் குறையுங்கள். இடுப்பிலோ முழங்காலிலோ பழைய தொந்தரவு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம்.

நம் நாட்டு நாய்கள் இதற்கென்றே பிறந்தவை போல் ஓடும். எடை குறைவு, கால் உறுதி, புத்தி கூர்மை. சிப்பிப்பாறையும் கன்னியும் வேகத்தில் யாருக்கும் சளைத்தவை அல்ல, ஆனால் ஓணானோ பூனையோ கண்ணில் பட்டால் உங்களை மறந்துவிடும். வேலி இல்லாத இடத்தில் அவற்றை அவிழ்த்துவிடாதீர்கள். வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாமை காணப்படுவதுண்டு. அப்படிப்பட்ட நாய்க்கும் கை சைகையாலேயே முழுப் பயிற்சியும் தரலாம்.

இடம்

குறைந்தது 30க்கு 20 அடி. புல்தரை முதல் தரம், கல் பொறுக்கிய மண்தரை அடுத்தது. சிமென்ட் தளத்தில் தாண்டுவதென்றால் இறங்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு போட்டாக வேண்டும், விரிப்பு நகரவும் கூடாது. டைல்ஸ், கிரானைட் தரையில் எதுவுமே வேண்டாம். வழுக்கி பின்கால் விரிந்தால் தசைநார் கிழியும். மொட்டை மாடியில் செய்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: கைப்பிடிச்சுவரை நோக்கி எந்தத் தடையையும் வைக்காதீர்கள். தாண்டும் வேகத்தில் இருக்கும் நாய்க்கு மூன்றடிச் சுவர் அடுத்த தடையாகத் தெரியும், அதற்கு அப்பால் தரை இல்லை என்பது தெரியாது. மாடியில் குழாயும் தாழ்ந்த பலகையும் மட்டும் வைத்துக்கொண்டால் நிம்மதி.

தாண்டு கம்பம் செய்யும் முறை

ஹார்டுவேர் கடையில் 1 அங்குல பி.வி.சி. பைப் 20 அடி நீளத்தில் ஒன்று வாங்கினால் ஒரு கம்பம் முழுதாக வரும். இரண்டு கம்பம் தேவை, ஆகவே இரண்டு பைப். ஒரு கம்பத்துக்கு டீ (T வடிவ இணைப்பு) 4, எண்ட் கேப் (முனை மூடி) 8, ஒரு சின்ன டப்பா சால்வென்ட் சிமென்ட் (பைப் ஒட்டும் பசை). ஆக்சா பிளேடால் இப்படி வெட்டுங்கள்: 25 செ.மீ. துண்டு 4, 6 செ.மீ. துண்டு 2, 75 செ.மீ. துண்டு 2, 120 செ.மீ. ஒன்று, 140 செ.மீ. ஒன்று. வெட்டிய விளிம்பில் பிசிறு நிற்கும், உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

முதலில் பாதம். இரண்டு டீயை 6 செ.மீ. துண்டால் ஒட்டினாற்போல் இணைத்து, வெளிப்பக்க வாய்களில் 25 செ.மீ. துண்டு ஒவ்வொன்று, அவற்றின் முனையில் எண்ட் கேப். ஒரு டீயின் நடுவாய் மேலே பார்க்க வேண்டும், மற்றதன் நடுவாய் பக்கவாட்டில். மேலே பார்ப்பதில் 75 செ.மீ. தூண் நிற்கும், பக்கவாட்டில் பார்ப்பதில் 120 செ.மீ. தரைக்கம்பு நுழையும். இடது பாதமும் வலது பாதமும் கண்ணாடியில் பார்த்தது போல் எதிரெதிராக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி ஒட்டிவிட்டால் கோக்கும்போது ஒரு தூண் முன்னாலும் மற்றது பின்னாலும் நிற்கும். சால்வென்ட் பிடித்தபின் பிரிக்க முடியாது, டீ வீண். அதனால் முதலில் சிமென்ட் இல்லாமல் மொத்தத்தையும் கோத்து நிறுத்திப் பாருங்கள். சரியாக நின்றால் பாதத்தை மட்டும் ஒட்டுங்கள். தூணையும் தரைக்கம்பையும் ஒட்ட வேண்டாம், கழற்றி மூலையில் சாத்தி வைக்கலாம்.

அடுத்து மேல்கம்பு. இது தட்டினால் விழ வேண்டும், உறுதியாக நிற்கவே கூடாது. நாயின் கால் இடிக்கும்போது கம்பு அசையாவிட்டால் நாய்தான் விழும். இதற்குப் பென்சிலைவிடச் சுலபமான பொருள் கிடையாது. தூணில் தரையிலிருந்து 10, 20, 30, 40, 50 செ.மீ. உயரத்தில் முன்னிருந்து பின்னாகப் பென்சில் இறுக்கமாக நுழையும் அளவில் துளை போடுங்கள். சின்ன நாயென்றால் இடையில் 15இலும் 25இலும் ஒன்று. 8 செ.மீ. பென்சில் துண்டைச் செருகினால் சுமார் 4 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தூணிலும் நீட்டிய பென்சில் மேல் 140 செ.மீ. கம்பைச் சும்மா வைக்க வேண்டியதுதான். காற்றுக்கு உருளாமல் இருக்கப் பென்சில் முனையில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றுங்கள். பலமாக இடித்தால் பென்சில் முறியும், நாய்க்கு ஒன்றும் ஆகாது. போல்ட், ஆணி எதையும் இந்த இடத்தில் வைக்காதீர்கள்.

பென்சில் நீட்டும் பக்கம் நாய் இறங்கும் பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் இடித்த கம்பு முன்னோக்கி உருண்டு விழும். தரைக்கம்பு நாய் ஓடி வரும் பக்கம். எங்கே கால் ஊன்றி எழ வேண்டும் என்று நாய் கணிப்பது அந்தத் தரைக்கம்பை வைத்துத்தான். கம்பத்தைத் திருப்பி வைத்துத் தாண்டச் சொன்னால் கணக்கு தப்பும். மேல்கம்பில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றுவது வழக்கம், நாய்க்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். நீலமும் மஞ்சளும் மாற்றி மாற்றிச் சுற்றுங்கள்.

குழாய், பலகை, வளைவுக் கம்புகள்

குழந்தைகள் தவழும் மடக்கு டனல் சின்ன நாய்க்குப் போதும். பெரிய நாய்க்கு 60 செ.மீ. விட்டம் வேண்டும், போட்டிகளில் வைப்பதும் அதே அளவுதான். 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் இரண்டை வாங்கி, மேலும் கீழும் அறுத்து, வாயோடு வாய் வைத்தால் கிட்டத்தட்ட 6 அடிக் குழாய் தயார். பழைய டிரம் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். ஆசிட், பூச்சி மருந்து, சாயம் இருந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். அறுத்த விளிம்பில் பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டிவிடுங்கள். இருபுறமும் மணல் மூட்டை அண்டக் கொடுக்காவிட்டால் நாய் உள்ளே இருக்கும்போதே டிரம் உருளும். ஒரு முறை அப்படி உருண்டால் அந்த நாய் மறுபடி உள்ளே போக மாதக்கணக்கில் யோசிக்கும்.

காத்திருக்கும் மேடைக்கு 3 அடிக்கு 3 அடி, 18 மி.மீ. பிளைவுட். நாலு மூலையிலும் நடுவிலும் செங்கல் வைத்து ஒரு கல் உயரத்தில் நிறுத்தி, மேலே ரப்பர் மேட்டை ஒட்டுங்கள். இது சாதாரணப் பலகை போலத் தெரிந்தாலும் இந்தப் பயிற்சியில் மனிதருக்கு அதிக வேலை வாங்கப் போவது இதுதான்.

வளைந்து வளைந்து போகும் கம்புகளை மண்தரையில் மட்டும் நடுங்கள். 10 மி.மீ. முறுக்குக் கம்பியை 60 செ.மீ. துண்டுகளாக ஆறு வெட்டி, பாதியை மண்ணில் அடித்து, மேலே ஒவ்வொன்றிலும் 1 மீட்டர் முக்கால் அங்குல பைப்பை மாட்டுங்கள். கம்புக்குக் கம்பு 60 செ.மீ. இடைவெளி. பயிற்சி முடிந்து பைப்பைக் கழற்றினால் கம்பியையும் பிடுங்கிவிட வேண்டும். முனை நீட்டிய கம்பி ஒரு நொடி நின்றாலும் ஆபத்து, குழந்தைகள் இருக்கும் வீட்டில் சொல்லவே வேண்டாம்.

இரண்டு பலகையைக் கூரை போல் சாய்த்து நிறுத்தும் ஏ-ஃப்ரேம், சீசா இரண்டையும் வீட்டில் செய்யாதீர்கள். போட்டி ஏ-ஃப்ரேமின் உச்சி 170 செ.மீ. உயரம். அந்த உயரத்தில் கீல் ஒன்று தளர்ந்தால் நாயின் கால் சிக்கும். தொங்கவிட்ட டயரும் அப்படித்தான். போட்டிகளில் இடித்தால் பிரிந்து விழும் டயரை வைக்கிறார்கள், பழைய ஸ்கூட்டர் டயர் பிரியாது.

முதல் இரண்டு வாரம்

ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சொல். தாண்டு, நுழை, ஏறு, நில். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா ‘ஜம்ப்’ என்றும் பாட்டி ‘குதி’ என்றும் சொன்னால் நாய் யார் முகத்தைப் பார்க்கும்? வெகுமதிக்கு வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவு நறுக்குங்கள். கேரட்டும் முட்டை வெள்ளைக்கருவும் சரி, வெங்காயமும் திராட்சையும் கூடவே கூடாது. கொடுக்கும் தின்பண்டம் அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல், அதைச் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள்.

தாண்டலை மேல்கம்பே இல்லாமல் தொடங்குங்கள். தரைக்கம்பின் மேல் நாயோடு சேர்ந்து நடந்து கடந்து, கடந்த பிறகு தரையில் தின்பண்டத்தைப் போடுங்கள். கையில் வைத்துக் கொடுத்தால் தாண்டும்போதே தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும், பின்கால் தட்டும். மூன்றாம் நான்காம் நாளில் ஓட்டமாக மாற்றி, பிறகு கம்பை 10 செ.மீ. துளையில் வையுங்கள். உயரத்தை நாயின் முழங்கை அளவோடு நிறுத்துங்கள். உடற்பயிற்சிக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. தோள் உயரம் 48 செ.மீ.க்கு மேல் வளர்ந்த நாய்க்குப் போட்டியில் 55, 60 செ.மீ. வைப்பார்கள், அது நல்ல தரையில், தசை பழகிய நாய்க்கான கணக்கு.

டிரம்முக்குள் நுழைய மறுத்தால் தள்ளாதீர்கள். ஒரே ஒரு டிரம்மை வைத்து, ஒருவர் இந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள, நாய்க்குப் பிடித்தவர் அந்தப் பக்கம் குனிந்து முகத்தைக் காட்டிக் கூப்பிடட்டும். ஐந்தாறு முறை ஓடி வந்தபின் இரண்டாவது டிரம்.

வளைவுக் கம்புகளை முதலில் நேர்க்கோட்டில் நடக் கூடாது. 1, 3, 5ஆம் கம்புகளை நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ. இடப்பக்கமும், 2, 4, 6ஐ 30 செ.மீ. வலப்பக்கமும் தள்ளி நடுங்கள். நடுவில் ஒரு சந்து கிடைக்கும், நாய் நேராக ஓடிவிடும். தப்பில்லாமல் ஓடும் நாட்களில் மட்டும் இருபக்கமும் 5 செ.மீ. உள்ளே நகர்த்துங்கள். வாரங்கள் போகப் போகச் சந்து சுருங்கி, நாய் தானாக உடம்பை வளைக்கும். முதல் கம்பு எப்போதும் நாயின் இடது தோள் பக்கம். இந்த ஒரு விதியை ஆரம்பத்திலேயே பழக்கிவிடுங்கள், பிறகு மாற்றுவது கடினம். முதுகுக்கும் தோளுக்கும் கடுமையான வேலை என்பதால் ஒரு நாளில் நாலைந்து முறை போதும்.

நீங்கள் ஓட வேண்டிய விதம்

30 அடி நீளப் பக்கத்தில் இரண்டு கம்பங்களை ஒரே வரிசையில், சுமார் 4.5 மீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் குழாய். ஒரு முனையில் மேடை. முதல் கம்பம், இரண்டாவது கம்பம், வளைந்து குழாய், மறுபடி முதல் கம்பம் என்று சுற்று அமையும். ஆரம்பத்தில் நீங்கள் வட்டத்தின் உள்ளே ஓடுங்கள், தூரம் குறைவு. பழகியபின் நாயை உள்ளே விட்டு நீங்கள் வெளியே ஓடுங்கள். அப்போதுதான் உங்களுக்கு மூச்சு வாங்கும்.

பக்கம் மாறுவதற்கு இரண்டு வழி. முன்னால் மாறுவது: நாய் குழாய்க்குள் இருக்கும்போது நீங்கள் முந்திப்போய், நாயை நோக்கித் திரும்பி, அது வெளியே வரும்போது அதன் மறுபக்கம் இருக்க வேண்டும். முதுகைக் காட்டித் திரும்பினால் நாய் உங்களைத் தொலைத்துவிடும். பின்னால் மாறுவது: நாய் கம்பை நோக்கி எழப் போகும் நேரத்தில் அதன் வால் பக்கமாகக் கடந்து மறுபுறம் போவது. முந்தி ஓட முடியாதவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். எதுவானாலும் திசையைக் காட்டுவது நாயின் முன்கால் தரையை விட்டு எழுவதற்கு முன்பே நடக்க வேண்டும். அந்தரத்தில் இருக்கும் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது தலையைத் திருப்பும், முதுகு தாழும், கம்பு விழும். கம்பு அடிக்கடி விழும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது கூப்பிடும் நேரத்தைத்தான், பிறகு உயரத்தை.

ஒரு வேளைப் பயிற்சி 25 நிமிடம். முதல் 5 நிமிடம் வேகநடை, இரு பக்கமும் சின்ன வட்டங்கள், நாய்க்கு நாலைந்து முறை உட்கார்ந்து எழுதல். அதே நேரத்தில் நீங்கள் கணுக்காலையும் தொடையையும் தளர்த்துங்கள். அடுத்து 20, 30 நொடி ஓட்டம். இரண்டு சுற்று ஓடியதும் நாய் மேடையில் ஏறி நிற்கட்டும், நீங்கள் அதன் முன்னால் 8 தோப்புக்கரணம் போடுங்கள். அடுத்த இடைவேளையில் மேடை விளிம்பில் கை ஊன்றி 8 தண்டால். நாய் மேடையை விட்டு இறங்கினால் எண்ணிக்கை அதிகம் என்று பொருள். ஒன்றில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு இடைவேளையும் ஒன்று, ஒன்றரை நிமிடம். இப்படி ஆறு முதல் எட்டு முறை. மொத்தத் தாண்டல் 30, 32க்குள் அடங்கும், அதுவே எல்லை. கடைசி 5 நிமிடம் மெதுவாக நடந்து மூச்சை இறக்குங்கள். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடும்போது உங்களால் ஒரு வாக்கியம்கூடச் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை என்றால் சுற்றைக் குறையுங்கள். செருப்போடு ஓடாதீர்கள், பிடிமானம் உள்ள ஷூ இல்லாமல் திடீர்த் திருப்பத்தில் கணுக்கால் பிசகும்.

நாயின் கழுத்தில் சங்கிலியும் கயிறும் இருக்கக் கூடாது, கம்பத்தில் மாட்டும். பெரிய சாப்பாட்டுக்குப் பின் 2 மணி நேரம் போகட்டும். நகம் தரையில் டக் டக்கென்று கேட்டால் வெட்டிவிட்டு வாருங்கள்.

வெயில்

நம் ஊரில் நாயைக் காயப்படுத்துவது கம்பைவிட வெயில்தான். நாய் முக்கியமாக இரைத்துத்தான் உடல் சூட்டை இறக்குகிறது. கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் கூடியிருந்தால் அதுவும் சரியாக நடக்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் வெயில் தாழ்ந்தாலும் தளம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். புறங்கையைத் தரையில் 7 நொடி வைக்க முடியாவிட்டால் அன்று விடுமுறை. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகத் தொங்குவது, எச்சில் கெட்டியாக வடிவது, நடை தள்ளாடுவது தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள், அப்படியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் துண்டே சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். ஐப்பசி மழையில் பாசி படிந்த தரையும் அதே அளவு மோசம், வழுக்கும் வாரங்களில் தாண்டலை விட்டுவிட்டு மேடையையும் குழாயையும் மட்டும் செய்யுங்கள்.

நாய் குரைத்துக்கொண்டே உங்கள் குதிகாலைக் கவ்வ வந்தால் அடங்காமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் வழி காட்டத் தாமதிக்கிறீர்கள் என்று அர்த்தம். நேற்று வரை தாண்டிய நாய் இன்று கம்பின் முன் நின்றால் வலியைச் சந்தேகியுங்கள். பயிற்சிக்கு மறுநாள் காலை அது எழுந்திருப்பதைக் கவனியுங்கள்: முதல் பத்து அடியில் ஒரு காலைக் குறுக்கி வைக்கிறதா, முன்கால் மணிக்கட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் மூன்று நாள் நடை மட்டும். அதற்குள் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

பைப்புகளை நிழலில் வையுங்கள். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. ஓரிரு ஆண்டில் வெளுத்து நொறுங்கத் தொடங்கும், நொறுங்கிய முனை கத்தி போல் வெட்டும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு துளையையும் விரலால் தடவி, கீறல் ஓடியிருந்தால் அந்தத் தூணை மட்டும் மாற்றிவிடுங்கள். தூணை ஒட்டாமல் வைத்திருப்பதால் மாற்ற ஐந்து நிமிடம் போதும்.